பெண்களின் சாட்சி

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகக் கடலை நோக்கிச் சரிந்து செல்லும் கரிசல் பூமியில் பிறந்து, வானத்தை நம்பி விதைத்து, வானம் பொய்த்தபோது வட்டிக்கு வாங்கி உண்டு, மறுவருஷமும் மனம் தளராமல் விதைப்பெட்டியை எடுக்கும் குடும்பங்களில் வளர்ந்த ஒருவர் கிறிஸ்தவ வேதத்தைத் திறந்து வாசிப்பாரானால், அதிலுள்ள அநேக சங்கதிகளுக்கு அவருக்கு வியாக்கியானம் வேண்டியிராது. பருவத்து மழை தவறினால் என்ன ஆகும், கிணறு தூர்ந்துபோனால் ஓர் ஊர் என்ன பாடுபடும், பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம் அந்நிய சீமையில் எத்தனை பேரைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பும் என்பதெல்லாம், தாமிரபரணிப் பாசனத்தில் இருபோகம் கண்டவர்களைக் காட்டிலும் அவருக்கு நன்றாகத் தெரியும். வேதாகமத்தின் பெரும்பகுதி வறண்ட நாட்டு ஜனங்களின் சரித்திரம். ஆயினும் அந்தச் சரித்திரத்தில் வரும் பெண்களை மாத்திரம் நாம் நம்முடைய மண்ணின் அநுபவத்தைக் கொண்டு வாசிப்பதில்லை. பிரசங்க பீடத்திலிருந்து வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த அர்த்தத்தையே போதுமென்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

அந்த அர்த்தம் பெரும்பாலும் இருவகைப்பட்டது. சாராளின் கீழ்ப்படிதல், மார்த்தாளின் உபசரணை, தொற்காளின் தையல் வேலை, நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில் வரும் குணசாலியான ஸ்திரீயின் ஓயாத உழைப்பு என்று நற்குணங்களின் மாதிரிகளாக அவர்களை நிறுத்துவது ஒன்று. ஏவாள், தெலீலாள், யேசபேல் என்று எச்சரிக்கைகளாகக் காட்டுவது மற்றொன்று. இரண்டிலுமே பெண்ணானவள் ஒழுக்கப் பாடத்துக்கு உதாரணமாகிறாளேயல்லாமல், கடவுளைப் பற்றி நமக்கு ஏதேனும் அறிவிக்க வந்தவளாக ஆவதில்லை. என்னுடைய அபிப்பிராயம் இதற்கு மாறானது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அம்பலம் ஏறாத சொல்லுக்கு உரியவர்களையே தேடிப் பிடித்துத் தமக்குச் சாட்சிகளாக நிறுத்துகிறவராக வேதத்தின் தேவன் காணப்படுகிறார். ஆகையால் அந்தப் பெண்கள் இன்றைய விசுவாசியின் முன் வைக்கும் கேள்வி, தாங்கள் சொல்வதை அவன் நம்புகிறானா இல்லையா என்பதே.

ரூத்தின் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். பெத்லகேமில் பஞ்சம் உண்டாகி, எலிமெலேக்கு என்பவன் மனைவி நகோமியோடும் இரண்டு குமாரரோடும் மோவாப் தேசத்துக்குப் பிழைக்கப் போகிறான். அங்கே அவன் இறக்கிறான். மோவாபியப் பெண்களை மணந்த குமாரர் இருவரும் பத்து வருஷத்துக்குள் இறக்கிறார்கள். மிஞ்சிய மூன்று விதவைகளில், மாமியாரைவிட்டுப் பிரிய மறுத்து அவளோடு பெத்லகேமுக்கு வந்துசேர்ந்த ரூத், வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் அறுக்கிறவர்களின் பின்னே கதிர் பொறுக்கப் போகிறாள். சாயங்காலம்வரை பொறுக்கி, பொறுக்கியதைத் தட்டிப் புடைத்துச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தவள், பகலில் தனக்குக் கொடுக்கப்பட்ட வறுத்த தானியத்தில் தான் உண்டதுபோக மீத்து வைத்திருந்ததை எடுத்து மாமியார் கையில் கொடுக்கிறாள். அரசர்களின் யுத்தங்களைச் சில இடங்களில் ஒரே வசனத்தில் முடித்துவிடுகிற வேதம், பசியோடு காத்திருந்த ஒரு கிழவிக்காக எடுத்துவைத்த அந்த ஒரு பிடித் தானியத்தை மறவாமல் குறித்துவைத்திருப்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

கழுகுமலைப் பக்கத்துச் செவல் காடுகளில் கடலை பிடுங்கி முடிந்த பிறகு, மண்ணுக்குள் தங்கிவிட்ட தப்புக்கடலையைப் பொறுக்க வரும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு ரூத் அந்நியள் அல்லள். முழங்காலைக் குத்தவைத்து உட்கார்ந்து, களைக்கொத்தால் கட்டிகளைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு காயாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்த நிலையிலேயே அங்குலம் அங்குலமாக நகர்ந்து போவார்கள்; வெயில் ஏறி மண் சுடத் தொடங்கும்போது மடி கால் பங்கு நிறைந்திருக்கும். காட்டுக்காரர் பார்த்தும் பாராமல் போகலாம், அதட்டியும் விரட்டலாம். அது அவருடைய மனத்தைப் பொறுத்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். மோசேயின் நியாயப்பிரமாணம் அப்படி நினைக்கவில்லை. வயலின் ஓரங்களைத் தீர அறுக்கலாகாது, சிந்தினதைத் திரும்பப் பொறுக்கலாகாது, மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகலாகாது, அவை எளியவனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியவை என்று லேவியராகமமும் உபாகமமும் கட்டளையிடுகின்றன. நிலம் உடையவனின் இரக்கத்துக்கு விடப்படாமல், நிலம் இல்லாதவளின் பாத்தியதையாக அது வகுக்கப்பட்டது.

ரூத் கதிர் பொறுக்கிய வயலுக்கு உரியவனான போவாசின் தயாளத்தைப் புகழ்ந்து எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அவன் நல்லவனே, வேலைக்காரர் அவளைத் தொடலாகாது என்று கட்டளையிட்டதும், அவள் பொறுக்கும்படி அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தச் சொன்னதும் சட்டம் கேட்டதற்கு மேலாக அவன் செய்தவை. ஆனால் அந்தச் சட்டம் பெத்லகேமில் உயிரோடிருக்கிறதா, ஏட்டில் மட்டும் கிடக்கிறதா என்பதை வெளிப்படுத்தியவள், இஸ்ரவேலின் சபைக்குட்படலாகாது என்று உபாகமம் விலக்கிவைத்த மோவாபிய ஜாதியிலே பிறந்து, கூடையோடு வயலில் இறங்கிய அந்தப் பெண். தாவீதின் வம்சவரலாற்றில் அவள் முப்பாட்டியாக நிற்கிறாள். மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச அட்டவணையிலும், அத்தனை ஆண்களின் பெயர்களுக்கு நடுவே தாமார், ராகாப், உரியாவின் மனைவி, மரியாள் ஆகியோரோடு அவள் பெயரும் சேர்ந்திருக்கிறது.

ரூத்தாவது பேசினாள். ஒரு வார்த்தையும் பேசாமலே சாட்சியான ஒருத்தியைப் பற்றி நம்முடைய ஆலயங்களில் பேசப்படுவது மிக அபூர்வம். சாமுவேலின் இரண்டாம் புஸ்தகம் 21ஆம் அதிகாரத்தில், தாவீதின் காலத்தில் மூன்று வருஷம் ஓயாத பஞ்சம் வருகிறது. சவுல் கிபியோனியரைக் கொன்ற இரத்தப்பழியே காரணம் என்று தெரியவர, அந்தப் பழிக்கு ஈடாக சவுலின் சந்ததியில் ஏழு பேரைத் தாவீது ஒப்புக்கொடுக்கிறான். அவர்கள் மலையின்மேல் தூக்கிலிடப்படுகிறார்கள். அந்த எழுவரில் இருவர் சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளின் பிள்ளைகள். அவள் இரட்டுச் சேலையைப் பாறையின்மேல் விரித்து, அறுப்பு தொடங்கிய நாள்முதல் வானத்திலிருந்து மழை பெய்யும்வரை அங்கேயே இருந்து, பகலில் ஆகாயத்துப் பறவைகளும் இரவில் காட்டு மிருகங்களும் அந்த உடல்களைத் தொடாதபடி காவல் காக்கிறாள். வாற்கோதுமை அறுப்பு அந்நாட்டில் சித்திரை மாதத்தை ஒட்டி வருவது. மழையோ ஐப்பசியில் தொடங்குவது. வேதம் சொல்லும் மழை பருவமழைதான் என்று கொண்டால், ஏறக்குறைய ஆறு மாதம்.

கோடைக்காலத்தில் கழுகுமலைப் பாறையின்மேல் நடுப்பகலில் ஏறி நின்றவர்களுக்கு, அந்தச் சூட்டில் ஆறு நாழிகை உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று தெரியும். சுற்றிலும் மரமில்லாத காடு, நிழலுக்கென்று ஒதுங்கினால் வேலிக்கருவை. அப்படிப்பட்ட இடத்தில், அழுகும் உடல்களின் நாற்றத்துக்கு நடுவே, கழுகையும் நரியையும் விரட்டிக்கொண்டு ஒரு தாய் இருந்தாள். அவள் தாவீதிடம் போய் முறையிட்டதாக வேதம் சொல்லவில்லை. அவள் செய்தது தாவீதுக்கு அறிவிக்கப்பட்டது என்றே சொல்கிறது. அதன் பிறகுதான் அரசன் அசைகிறான். சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும், தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்துக்கொண்டுவந்து முறைப்படி அடக்கம்பண்ணுகிறான். அதற்குப் பின்னரே தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டருளினார் என்று அந்தச் சரித்திரம் முடிகிறது. ஏழு பேர் கொல்லப்பட்டபோது பஞ்சம் தீர்ந்ததாக எழுதப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தூக்கிலிடப்பட்டவனின் உடல் இரவில் தங்கலாகாது, அன்றே அடக்கம்பண்ணப்பட வேண்டும் என்பது நியாயப்பிரமாணம். அரசனும் ஆசாரியரும் மறந்துபோன அந்தப் பிரமாணத்தை வாய் திறவாமல் ஒரு வைப்பாட்டி காத்து நின்றாள். நீதி கிடைக்கும்வரை உடலை வாங்கமாட்டோம் என்று அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிடும் தாய்மார்களை நம்முடைய ஜில்லாக்களில் அடிக்கடி பார்க்கிறோம். அவர்களைக் கடந்து ஆலயத்துக்குப் போகிறவர்கள் ரிஸ்பாளின் அதிகாரத்தை ஒருமுறையேனும் வாசித்துவிட்டுப் போவது நல்லது.

இனி, கிணற்றடியில் நின்ற சமாரிய ஸ்திரீ. இந்தச் சம்பவத்தை விளங்கிக்கொள்ள நம்மைவிடத் தகுதியுடைய ஜனங்கள் உலகத்தில் சிலரே இருப்பார்கள். ஆழமான கிணறும், தலையில் குடமும், உச்சி வெயிலும், இன்னாரிடம் இன்னார் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாகாது என்ற விதியும் நமக்குப் புதியவை அல்ல. ஊருக்கு ஒரு கிணறு, சேரிக்கு ஒரு கிணறு என்று பிரித்து வைத்தவர்கள் இங்கே கிறிஸ்தவர்களாக ஆன பின்பும் ஆலயத்துக்குள் அந்தப் பிரிவினையைக் கொண்டுபோனார்கள்; வடக்கன்குளத்துக் கோயிலில் ஜாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910ஆம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது. அத்தகைய விதி ஒன்று யூதருக்கும் சமாரியருக்கும் நடுவே இருந்தது. அந்த விதியின்படி தீட்டாகக் கருதப்பட்ட பாத்திரத்தை வைத்திருந்தவளிடம், தாகமாயிருந்த இயேசு தண்ணீர் கேட்கிறார். ஜீவத்தண்ணீரைப் பற்றிய உபதேசம் பிறகு வருகிறது; முதலில் வருவது, அவள் குடத்துத் தண்ணீருக்காக அவர் நீட்டிய கை. உயர்ந்தவன் தாழ்ந்தவளுக்குக் கொடுப்பது எங்கும் உள்ள தர்மம். தாழ்ந்தவளிடமிருந்து வாங்கிக் குடிப்பதற்குத்தான் நம்முடைய ஊர்களில் இன்னமும் மனம் வரவில்லை.

அந்த ஸ்திரீயைப் பற்றிய பிரசங்கங்கள் அநேகமாய் அவளுடைய ஐந்து புருஷர்களிலேயே நின்றுவிடுகின்றன. இயேசு அவளுடைய வாழ்க்கையை அறிந்திருந்ததைச் சொல்கிறார்; அவளைக் கண்டித்ததாக யோவான் எழுதவில்லை. தள்ளுதற்சீட்டைக் கொடுக்கும் அதிகாரம் புருஷனிடம் இருந்த சமுதாயத்தில், ஐந்து முறை தாலி இழந்தவளோ தள்ளப்பட்டவளோ ஆன ஒருத்தி பாவியாகத்தான் இருக்கவேண்டும் என்று தீர்ப்புச் செய்வது நாமே. அவளோ தொழுகையின் ஸ்தலத்தைப் பற்றிச் சாஸ்திர விசாரம் செய்கிறாள். மேசியாவைப் பற்றிப் பேசுகிறாள். தாமே அவர் என்று இயேசு அவளிடம் வெளிப்படையாகச் சொல்கிறார். ஒரு பெண்ணோடு அவர் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டு சீஷர்கள் ஆச்சரியப்பட்டார்களேயொழிய, அதைப் பற்றிக் கேட்கத் துணியவில்லை. அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினாள். அவள் வார்த்தையினிமித்தம் அவ்வூரார் அநேகர் விசுவாசித்தார்கள்.

திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தத் திருச்சபைச் சரித்திரத்தை அறிந்தவர்கள், அது ஏறக்குறைய இதே அதிகாரத்தைப் பின்பற்றித் தொடங்கியிருப்பதைக் கண்டு வியப்பார்கள். தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்தியப் பிராமண விதவை கோகிலா, லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்தபோது அவரிடம் கிறிஸ்தவ மார்க்கத்தைக் கற்று, ஞானஸ்நானம் கேட்டாள். அவர்கள் விவாகமில்லாமல் வாழ்ந்த காரணத்தால் மிஷனரி சுவார்ட்சு ஐயர் அதற்கு இணங்கவில்லை. அந்த அதிகாரி இறந்தபின் 1778ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்த ஐயர் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, குளோரிந்தாள் என்று பெயரிட்டார். அதன்பின் அவள் சும்மா இருக்கவில்லை. தன்னைச் சுற்றி ஒரு சிறு சபையைக் கூட்டினாள். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் உள்ள 40 பேரில் முதற்பெயர் அவளுடையது. தஞ்சாவூர்வரை பிரயாணம் செய்து, தங்கள் சபைக்கு ஓர் உபதேசியார் வேண்டுமென்று கேட்டாள். கோட்டைக்குள் அவள் முயற்சியால் எழும்பிய ஆலயத்தை 1785ஆம் ஆண்டில் சுவார்ட்சு ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில். பின்னாளில் ரேனியஸ், கால்டுவெல், சார்ஜென்ட் என்று எத்தனையோ மகான்கள் இந்தச் சபையைக் கட்டி வளர்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னே, சபையின் ஒழுங்கினால் வாசலில் நிறுத்திவைக்கப்பட்ட ஒருத்தியின் விசுவாசத்தின்மேல் அஸ்திவாரம் விழுந்திருந்தது. சுவார்ட்சு ஐயர் பக்திமான். தம் காலத்துச் சபை ஒழுங்கின்படி நடந்தார். ஆயினும் சமாரிய ஸ்திரீ நின்ற சீகாரின் கிணற்றடியில் இயேசு அத்தனை வருஷம் காத்திருக்கவில்லை என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

குளோரிந்தாளுக்குப் பின், 19ஆம் நூற்றாண்டில், பைபிள் ஸ்திரீகள் என்று அழைக்கப்பட்ட ஊழியக்காரிகள் வந்தார்கள். ஆண் உபதேசியார் நுழைய முடியாத வீடுகளுக்குள் நுழைந்து, அடுப்படியிலும் திண்ணையிலும் உட்கார்ந்து, எழுத்தறியாத பெண்களுக்கு எழுத்தையும் வேதத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களில் பெரும்பாலோர் விதவைகள். ஏமி கார்மைக்கேல் அம்மையாரோடு ஊர் ஊராகச் சென்று உழைத்து 1915இல் மறைந்த பொன்னம்மாளைப் போல ஒரு சிலரின் சரித்திரமே எழுதப்பட்டது. மற்றவர்களின் பெயரும் கல்லறையும்கூட மறைந்துவிட்டன.

உயிர்த்தெழுதலின் காலையில் நடந்ததை எல்லாரும் அறிவர். கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள். உயிர்த்தெழுந்தவரை முதலில் கண்டு, சகோதரரிடம் போய்ச் சொல்லும்படி அனுப்பப்பட்டவள் மகதலேனா மரியாள். அப்போஸ்தலர்களோ அந்தப் பெண்களின் வார்த்தைகளை வீண்பேச்சாக எண்ணி நம்பவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். நம்பாமற்போனதோடு அது நிற்கவில்லை. ஏழு பிசாசுகள் நீங்கினவள் என்றும், யோவன்னாள், சூசன்னாள் முதலியோரோடு தன் ஆஸ்தியால் இயேசுவுக்கு ஊழியம் செய்தவள் என்றும் மாத்திரமே வேதம் சொல்லும் மகதலேனாளை, கி.பி. 591ஆம் ஆண்டில் போப்பு கிரெகொரி தம்முடைய பிரசங்கத்தில் லூக்கா சொல்லும் பெயர் தெரியாத பாவியான ஸ்திரீயோடு சேர்த்துவிட்டார். ஆயிரத்து நானூறு வருஷம் அவள் விலைமாதாகவே சித்திரங்களிலும் நாடகங்களிலும் வலம்வந்தாள். 2016ஆம் ஆண்டில் போப்பு பிரான்சிஸ் ஜூலை 22ஆம் தேதியை அப்போஸ்தலர்களின் திருநாட்களுக்குச் சமமான திருநாளாக அவளுக்கு உயர்த்தியபோது அந்த அபவாதம் ஓரளவேனும் துடைக்கப்பட்டது. ஒரு பெண்ணின் சாட்சியை மறுக்க முடியாதபோது அவள் நடத்தையைப் பழிப்பது உலகத்தின் பழைய வழி என்பதற்கு இதைவிடப் பெரிய திருஷ்டாந்தம் வேண்டுமா?

கோவில்பட்டிக்காரர்களாகிய நாம் ஒரு பெண்ணின் சாட்சியை நம்முடைய காலத்திலேயே வேறொரு விதத்தில் கண்டோம். சாத்தான்குளத்து ஜெயராஜும் அவருடைய குமாரர் பென்னிக்சும் 2020 ஜூன் மாதத்தில் அங்குள்ள காவல் நிலையத்திலிருந்து கோவில்பட்டிக் கிளைச்சிறைக்குக் கொண்டுவரப்பட்டு, இங்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து உயிர்விட்டார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவரிடம், சாத்தான்குளம் நிலையத்தில் இரவில் அவர்கள் அடிக்கப்பட்டதைக் கண்டபடியே சொன்னவர், அதே நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். அவர் மிகுந்த பயத்தோடிருந்தார் என்பதும், தயங்கியே கையெழுத்திட்டார் என்பதும் நடுவரின் அறிக்கையில் உண்டு. கல்லறையிலிருந்து திரும்பிய பெண்களும் நடுக்கத்தோடும் பயத்தோடும் ஓடினார்கள் என்று மாற்கு எழுதியிருக்கிறார். நடுங்கிக்கொண்டே சொல்லப்பட்டதனால் சாட்சியின் பெறுமதி குறைந்துவிடுவதில்லை.

இவ்விடத்தில், பவுல் அப்போஸ்தலரின் நிருபங்களைக் காட்டி என்னை மறிப்பவர்கள் இருப்பார்கள். சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கவேண்டும் என்று கொரிந்தியருக்கும், உபதேசம்பண்ண அவர்களுக்கு உத்தரவில்லை என்று தீமோத்தேயுவுக்கும் எழுதப்பட்டிருப்பது உண்மை. அவ்வசனங்களை இல்லையென்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஆனால் அதே கொரிந்தியருக்கு அதே நிருபத்தில், மூன்று அதிகாரங்களுக்கு முன்னே, ஸ்திரீ ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் எவ்விதம் இருக்கவேண்டுமென்று முறை வகுத்திருப்பவரும் அவரே. பேசவே கூடாதவளுக்குப் பேசும் முறையை ஒருவர் வகுத்துக்கொடுப்பாரா? வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துத் தேவமார்க்கத்தை அதிக திட்டமாக விவரித்துக் காட்டியவர்கள் பிரிஸ்கில்லாளும் அவள் கணவன் ஆக்கில்லாவும். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளைத் தமக்கே ஆதரவாயிருந்தவள் என்று பவுல் ரோமருக்குப் பரிந்துரைக்கிறார். அந்த நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் அவர் பெயர்சொல்லி வாழ்த்தும் பெண்களின் வரிசையை வாசித்தவர்கள், அவர் கட்டிய சபைகள் எவ்வளவுக்கு அவர்களுடைய பிரயாசத்தால் நின்றன என்பதை அறிவார்கள். ஒரு சபையின் குழப்பத்துக்குக் கொடுத்த மருந்தைச் சகல சபைகளுக்கும் சகல காலத்துக்கும் ஆகாரமாக்கிவிட்டோம் என்பதே என் முடிவு. பெண் உபதேசம் செய்வது நம்முடைய மண்ணுக்குப் பொருந்தாது என்று சொல்வாரும் உண்டு. கழுகுமலையின் சமணப் படிமங்களின் கீழே ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் கல்லில் நின்றுகொண்டிருக்கும் பெயர்களில், மாணாக்கர்களை உடைய பெண் ஆசிரியர்களான குரத்தியாரின் பெயர்களும் இருக்கின்றன. அவர்கள் சமயம் வேறு. ஆனால் மண் இதே மண்.

கோவில்பட்டிக்குப் பக்கத்திலேயே, மதுரை மிஷன் குருக்கள் வளர்த்த, வீரமாமுனிவரும் தம் ஆரம்ப நாட்களில் தங்கியிருந்த காமநாயக்கன்பட்டி இருக்கிறது. மரியாளின் விண்ணேற்பைப் போப்பு பன்னிரண்டாம் பயஸ் 1950இல் விசுவாச சத்தியமாகப் பிரகடனம் செய்வதற்கு வெகுகாலம் முன்னரே, பரலோக மாதா என்று இங்குள்ளவர்கள் அவளை அழைத்து வந்தார்கள். ஆகஸ்ட் 15ஆம் தேதித் தேரோட்டத்துக்குச் சமய வேற்றுமை பாராமல் வந்து கூடும் கரிசல் காட்டுப் பெண்கள் அவளிடம் பிள்ளைவரமும் மழையும் நோய்நீக்கமும் கேட்கிறார்கள், கேட்பது நியாயமே. ஆனால் எலிசபெத்தின் வீட்டில் அந்தக் கன்னி பாடிய கீதத்தை அவர்களுக்கு நிறுத்தி விளக்கிச் சொல்பவர் குறைவு. வல்லவர்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுவதையும், பசித்தவர்கள் நன்மைகளால் நிரப்பப்படுவதையும், ஐசுவரியவான்கள் வெறுங்கையாய் அனுப்பப்படுவதையும் அவள் பாடினாள். தீப்பெட்டி ஆபீசில் காலைமுதல் சட்டத்தில் குச்சி அடுக்கி, இரவில் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிக் கடனை அடைத்த பெண்களுக்கு உரிய பாட்டு அது.

வனாந்தரத்தில் மோசேயின் முன் வந்து நின்ற செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகப்பனுக்குக் குமாரன் இல்லாததனால் அவன் பெயர் அற்றுப்போகலாமா, எங்களுக்கும் காணியாட்சி வேண்டும் என்று சபையார் எல்லாருக்கும் முன்பாக அவர்கள் கேட்டார்கள். அவர்கள் சொல்வது சரி என்று கர்த்தரே தீர்ப்புச் சொல்ல, சட்டம் மாறிற்று. திருவாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு இல்லாத சட்டம் செல்லாது என்று மேரி ராய் என்ற அம்மையாரின் வழக்கில் 1986இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, எதிர்த்தவர்களில் திருச்சபைப் பெரியவர்களும் இருந்தார்கள். அந்தக் குமாரத்திகளின் வழக்கைச் சொல்லும் எண்ணாகமம் 27ஆம் அதிகாரம் அவர்கள் கையிலும் இருந்தது.

நம்முடைய சபைகளின் இன்றைய நிலைக்கு வருகிறேன். ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, அதை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் கிராமச் சபைகளில் உண்டு. அந்தக் கைப்பிடி அரிசியால் எத்தனையோ ஓலைக் கோயில்கள் காரைக் கட்டடங்களாயின. இரண்டு காசு போட்ட விதவையைக் காட்டி அந்தப் பெண்களை நாம் உற்சாகப்படுத்துகிறோம். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றி இயேசு அதற்குச் சற்று முன்னே கொடுத்த கடும் எச்சரிக்கையை வாசிக்காமல் விட்டுவிடுகிறோம். அரிசியைக் கொடுத்தவர்கள் சேகர கமிட்டியில் எத்தனை பேர்? தென்னிந்தியத் திருச்சபை 1976ஆம் ஆண்டிலேயே ஒரு பெண்ணைக் குருவானவராக அபிஷேகம் செய்து, 2013இல் புஷ்பலலிதா அம்மையாரை நந்தியால் அத்தியட்சாதீனத்தின் பேராயராகவும் ஆக்கியது. மேலிடத்தில் திறந்த கதவு கிராமத்து ஆலயத்தின் பீடம்வரை இன்னும் வந்து சேரவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்து ஞாயிறு என்று வருஷத்தில் ஒரு நாளை ஒதுக்கிவிட்டு, மற்ற ஐம்பத்தொரு ஞாயிறும் அவர்களைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கச் செய்வது, சமாரிய ஸ்திரீயின் வாயிலிருந்து சுவிசேஷத்தைக் கேட்டவர்களுக்கு ஏற்றதல்ல.

ஆகையால் குருவானவர்களுக்கும் சேகரப் பெரியவர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்றுதான். வருகிற ஈஸ்டர் பண்டிகையின் அதிகாலை ஆராதனையில் யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தை வாசிக்கிற பொறுப்பையும், அதன்மேல் பிரசங்கிக்கிற பொறுப்பையும், உங்கள் சபையில் வேதத்தை நன்கு அறிந்த ஒரு பெண்ணிடம் கொடுங்கள். காட்டுவேலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகிறவளாக இருந்தால் இன்னும் நல்லது. அவள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள்; அவள் சொன்னதை, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.